கதிரை அண்ணையும் ஏரிக்கரை மைதானமும்

வெற்றுக் கதிரையைக் கண்டு கதிரை அண்ணையைப் போல் துயருற்ற மனிதர் இப்பூவுலகில் இதுவரை பிறந்ததில்லை. இனிப் பிறப்பாரென்றும் நான் நம்பவில்லை. சிலர் பாம்புக்கு அஞ்சுவர்; சிலர் வருமான வரிக்கு அஞ்சுவர். அவர் அஞ்சியது ஆள் அமராத ஆசனத்துக்கு மாத்திரமே. பேருந்தில் தம் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால், எழுந்து சென்று முன்பின் அறியாத ஒருவரின் அருகில் அமர்ந்துவிடுவார். நூல் வெளியீட்டு விழாக்களில், பேச்சாளர் கண்ணாடியைத் துடைக்கும் இடைவெளியில், சிதறியிருந்த சபையோரை முன்வரிசைக்கு ஓட்டிவந்து, புகைப்படத்தில் மண்டபம் நிரம்பி வழியச் செய்வார்.

ரொறன்ரோவின் மல்வேர்னில் எமது அடுக்குமாடிக் கட்டடத்திலேயே அவரும் குடியிருந்தார். இயற்பெயரை அவருடைய தபாற்பெட்டியும் மறந்திருந்தது. என்னிலும் இளையவர், ஆயினும் நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னை அண்ணை என்றார், இருவருக்கும் நட்டமில்லை. காலையில் பாடசாலைப் பேருந்து ஓட்டுவார். மிகுதி நேரத்தில், எமது நகரத்தின் கனடியக் கால்பந்து அணிக்காக, கூட்டமாக வருவோருக்கு நுழைவுச்சீட்டு விற்பார். மன்னார்க் கடலோரத்தில் பிறந்த ஒருவருக்கு இதனிலும் கடினமான தொழிலைக் கடவுள் தேடியும் கண்டிருக்க மாட்டார்.

அந்த ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பது அரிது. கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதே பெரும்பான்மை. ஓடுபவர் மீது ஏனையோர் விழுவர். பின்னர் எல்லோரும் எழுந்து கூடி நின்று ஆலோசனை நடத்துவர். மேற்கு மாகாணங்களில் இதற்காக உயிரையே விடுகிறார்களாம். ரொறன்ரோவிலோ ஐஸ் ஹொக்கிக்கு ஒரு கூட்டம், கூடைப்பந்துக்கு ஒரு கூட்டம். கால்பந்துதான் வேண்டுமென்போரும் தொலைக்காட்சியில் அமெரிக்கரின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஏரிக்கரை மைதானத்தின் மேல்வரிசைகளில் சில நாட்களில் மனிதரைக் காட்டிலும் கடற்புறாக்களே கூடுதலாக அமர்ந்திருந்தன.

அணியின் அலுவலகத்தார் வாளாவிருக்கவில்லை. சட்டை இலவசம் என்றார்கள், வாணவேடிக்கை என்றார்கள், விலையில் கழிவு என்று மின்னஞ்சல்மேல் மின்னஞ்சல் அனுப்பினார்கள். கதிரை அண்ணை அவர்களுக்காக இரங்கினார்.

"வீட்ட வந்து சொல்லாத விசேஷத்துக்கு எங்கட சனம் போகுமோ? எங்கட ஆக்கள் கழிவுக்கு வரமாட்டினம் அண்ணை, கடமைக்குத்தான் வருவினம்."

ஆகவே அவர் கடமையைப் பயிரிட்டார். மோர்னிங்சைட் தொடக்கம் அஜக்ஸ் வரையில் ஒரு பூப்புச் சாமத்தியவீடு, ஒரு தேவாலய முதல்நன்மை, ஒரு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி தப்பவில்லை. அழைத்தால் செல்வார், அழைக்க மறந்தால், மறந்தவரின் மனம் நோகக்கூடாதென்று செல்வார். அதன்பின், திருமண அழைப்பிதழைப் போல் அச்சிட்ட அட்டையோடு வீடு வீடாக ஏறினார். மணமக்கள் இருக்கவேண்டிய இடத்தில் தலைக்கவசம் அணிந்த வீரர் ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். தாம் கத்தோலிக்கராயினும், சைவ வீடுகளுக்குரிய அட்டைகளின் மூலையில் மஞ்சள் பூச அவர் தவறியதில்லை.

எமது வீட்டுக்கும் வந்தார். என் மனைவி தயங்கினார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. எங்களுக்கு உந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது."

"தங்கச்சி, உங்கட மகன்ர கலியாணத்தில ஐயர் சொன்ன மந்திரம் எனக்கு விளங்கினதோ? கடைசி மட்டும் இருந்தனானோ இல்லையோ?"

என் மனைவி இரு கைகளாலும் அட்டையை வாங்கிக்கொண்டார்.

அவ்வாண்டு அவருக்கு ஒரு நெருக்கடி. ஆட்களில்லாத ஆசனங்கள் தொலைக்காட்சியில் தெரியாதிருக்க, மைதானத்தின் வடக்கு மூலைப் பகுதியைப் பெரிய விளம்பரத் துணியால் மூடிவிடப் போவதாக அணியின் இளம் மேலாளர் அம்மையார் அறிவித்திருந்தார். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அந்த மூலை நிரம்பினால் மாத்திரம் துணி வராது. கதிரை அண்ணை அன்றிரவு உணவருந்தவில்லை.

"துணி போர்க்கிறது பிரேதத்துக்கல்லோ அண்ணை? கதிரை உயிரோட இருக்கேக்க போர்க்கலாமோ?"

அட்டையில் அச்சிட்டிருந்தபடி ஆட்டம் நான்கு மணிக்கு. என்னையும் மனைவியையும் அவரே தம் வாகனத்தில் ஏற்றிச் சென்றபடியால் நாங்கள் நேரத்துக்கு அங்கிருந்தோம். எம்மவர் வேறொருவரும் வரவில்லை. முதற்பாதி முடிந்தது, மூலையில் நாங்கள் மூவரும் ஏரிக்காற்றும் இருந்தோம். மேலாளர் அம்மையார் படியருகே வந்து நின்று, எம்மைப் பார்த்து, அனுதாபத்தோடு தலையசைத்துவிட்டுப் போனார்.

"எல்லாரும் வாறன் எண்டவை," என்றார் கதிரை அண்ணை.

"ஏன் அண்ணை, வேற மூலை இல்லையோ உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் மைதானத்தைப் பார்க்காமலே விடையளித்தார்.

"கனடாவுக்கு வந்த வருசம், கோயில்ல ஆரோ தந்த இலவச ரிக்கெற்றோட இஞ்சதான் வந்து இருந்தனான். இஞ்சால பத்துக் கதிரை வெறுமை, அங்கால பத்துக் கதிரை வெறுமை. என்னைக் கண்டுதான் சனம் பக்கத்தில இருக்கேல்லை எண்டு நினைச்சு, தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தன். உந்த ரீமுக்கே சனம் வாறேல்லை எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும்."

நான் சிரிக்க முனைந்து, இயலாமல் விட்டேன்.

கடைசிக் கால்பகுதி தொடங்கிற்று. எமது அணி பெருந்தோல்வியை நோக்கி விரைந்துகொண்டிருக்க, வாகன நெரிசலுக்கு அஞ்சிய ஏனைய பார்வையாளர் எழுந்து வெளியேறத் தொடங்கினர். அப்பொழுதுதான் வாயிலில் அந்தக் காட்சி தோன்றிற்று. பட்டுச்சேலை, பொற்சங்கிலி, கோட்டுச்சூட்டு, கைக்குழந்தை. வெளியேறும் வெள்ளத்தை எதிர்த்து எமது மக்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த அன்பளிப்புப் பொதியைக் காவலாளி பறித்து வைத்திருந்தார்.

கல்யாண அட்டையில் நாலு மணி என்றிருந்தால் மண்டபத்துக்கு ஆறரைக்குச் செல்வதே எம்மவர் வழக்கம். அட்டையைக் கல்யாணத்துக்குரியதாய் அச்சிட்டவர், அதை மக்கள் கல்யாணத்துக்குரியதாகவே வாசிப்பார்கள் என்பதை மறந்திருந்தார்.

"என்ன அண்ணை, வெள்ளைக்காரர் எல்லாரும் போகினம்? சாப்பாடு முடிஞ்சுதோ?" என்றார் பட்டுச்சேலை அணிந்த ஓர் அன்ரி.

"இப்பதான் தொடங்குது, இருங்கோ, இருங்கோ!" என்று கூவினார் கதிரை அண்ணை. "தள்ளி இருங்கோ! அங்கிள், உந்த இடைவெளி என்னத்துக்கு?"

மைதானம் முழுவதும் வெறுமையாகிக்கொண்டிருக்க, வடக்கு மூலை ஒன்றே நிரம்பிக்கொண்டிருந்தது. படக்கருவிகள் எல்லாம் அத்திசைக்குத் திரும்பின. தோற்கும் வேளையில் அணியைத் தாங்க வந்த உண்மையான ரசிகர்கள் என்று அறிவிப்பாளர் எம்மைப் புகழ்ந்தாராம். ஆட்டம் முடிந்த பின்னரும் அவர்கள் எழவில்லை. வந்து அமர்ந்தவுடன் எழுவது மரியாதையன்று என்று காவலாளிகளுக்கு விளக்கப்பட்டது. மேலாளர் அம்மையார் மீண்டும் படியருகே வந்து தலைகளை எண்ணினார். கதிரை அண்ணையோ மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதிரைகளைப் பார்த்தபடியே நின்றார்.

"எத்தினைக்கு எத்தினை?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்!" என்றார் அவர்.

துணி வரவில்லை. அடுத்த ஆண்டு, நான்கு மணி ஆட்டத்துக்கு, அட்டையில் ஒன்றரை மணி என்று அச்சிட்டார். மக்கள் சரியாக நான்கு மணிக்கு வந்தார்கள்.

இப்பொழுது அவருடைய முழங்கால்கள் படியேற ஒத்துழைப்பதில்லை. அஜக்ஸில் மகளின் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்க்கிறார். ஆட்டத்தையன்று, வடக்கு மூலையை. நான் அங்கே அமர்ந்திருக்கையில் என் கைத்தொலைபேசி ஒலிக்கும்.

"அண்ணை, உங்களுக்கு வலப்பக்கம் ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கு. ரீவியில காட்டுறான்."

இந்த ஆட்டத்தின் விதிகளுள் ஒன்றேனும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எனினும் அவருடைய குரல் கேட்டதும், ஏரிக்காற்று எத்துணை கடுமையாக வீசினும், என் குளிரங்கியைக் கழற்றி அந்தக் கதிரையில் இருத்திவிடுவேன்.