கரியமிலம் தடை செய்த முட்டைக் குழம்பு

பஸ் புகையைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறிய ஒரே மனிதரை நான் பாளையங்கோட்டையில்தான் பார்த்தேன். தொண்ணூறுகளில் கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த அறை. டவுன் பஸ் ஒன்று கருகருவென்று புகை விட்டுப் போனால், "எம்புட்டுச் சரக்கு வீணாப் போகுது பாத்தீரா வே!" என்று பெருமூச்சு விடுவார்.

கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்றுவது அவருடைய ஆராய்ச்சி. அதனால் விடுதியே அவரைக் கரியமிலம் என்றது. பெற்றோர் வைத்த பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது.

தமிழ் இலக்கியம் படித்த எனக்கும் புரியும்படி ஒருநாள் விளக்கினார். "இந்த வாயு லேசுல யாரோடயும் சேராது வே. ஹைட்ரஜனோட சேத்துவைக்க ஒரு தரகர் வேணும். அதான் வினையூக்கி. எத்தனை கல்யாணம் முடிச்சாலும் தரகர் அப்படியே இருக்கணும்லா? நம்மாளு ரெண்டு கல்யாணத்துலயே படுத்துக்கிடுதாரு!"

அவருடைய தரகர், செம்பும் துத்தநாகமும் கலந்த ஒரு கறுப்புப் பொடி. இரும்புக் குழாயில் அடைத்து, இரண்டு வாயுவையும் உள்ளே விட்டுச் சூடேற்றினால் முதல் நாள் மெத்தனால் சொட்டும். மறுநாள் பொடி செத்துவிடும்.

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சியை மதிப்பிட வரும்போது பொடி ஒரு வாரமாவது சாகாமல் ஓடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. ஊரில் அவருடைய அண்ணன் பாத்திரக்கடையில் இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்.

"இங்கன செம்போட பாடுபடுதது பத்தாதுன்னு அங்கனயும் செம்பா?" என்று கரியமிலம் கலங்கினார்.

செத்த பொடியைச் சோதித்தபோது கந்தகம் அகப்பட்டது.

"பந்தியில இடம் பிடிச்ச மாமா மாதிரி வே. செம்பு மேல உக்காந்துட்டான்னா எந்திரிக்கவே மாட்டான். அடுத்தவன் எங்கன உக்காருவான்?"

கந்தகம் எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்துக்கு எதிரே விடுதிச் சமையலறை. புதன்கிழமைதோறும் முட்டைக் குழம்பு. முட்டை வெந்தால் கந்தக வாடை வரும். கரியமிலம் வார்டனிடம் போய் ஒரு மணிநேரம் பேசினார். ஒன்றும் விளங்காத வார்டன் பயந்துபோய் முட்டையை நிறுத்தினார். அடுத்து பூண்டு போயிற்று, பிறகு வெங்காயமும் போயிற்று. வீட்டில் பூண்டு ஊறுகாய் தின்றுவிட்டு வந்த என்னை ஆய்வக வாசலிலேயே நிறுத்தினார். "அங்கனயே நின்னு சொல்லும். மூச்சு விடாமப் பேசும்!"

அப்படியும் பொடி செத்தது. சமையல்காரர் சுடலை அண்ணாச்சி கரண்டியோடு வந்துவிட்டார். "உப்பும் கூடாதுன்னா சொல்லிருங்க. அடுப்ப அணைச்சுட்டு ஊரப் பாத்துப் போயிருதேன்."

ஒருநாள் என் சைக்கிள் பஞ்சர். கரியமிலமும் கூட வந்தார். கடைக்காரர் ட்யூபில் ஒட்டுப் போட்டுச் சூட்டில் வைத்தார். ரப்பர் வாடை குப்பென்று கிளம்பியது. கரியமிலம் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது.

"ஏ மூதி! வாஷர்!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

சூடான குழாயின் மூட்டில் வாயு கசியாமலிருக்க, இதே கடையில் வாங்கிய பழைய ட்யூபை வட்டமாக வெட்டி வாஷராகப் போட்டிருந்தவர் அவரேதான். ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்ப்பதே கந்தகம்தானாம். ஒற்றைச் செருப்போடு கல்லூரிக்கு ஓடினார். மற்றதை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

அண்ணன் கடையிலிருந்து செம்புத் தகடு வரவழைத்துப் புது வாஷர் வெட்டினார். ஒரு வாரம் தாண்டிப் பேராசிரியர் வந்த அன்றும் மெத்தனால் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலில் தொங்கிய நாங்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் போலக் கைதட்டினோம்.

அடுத்த புதன்கிழமை கரியமிலமே வாளியைத் தூக்கி எல்லோருக்கும் முட்டை பரிமாறினார். கடைசியில் வெறும் குழம்போடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உமக்கு முட்டை?"

"நீரு சாப்பிடும் வே. முட்டை மேல பழி போட்டவன் எந்த மூஞ்சிய வச்சு அதத் திங்க?"

என் முட்டையில் பாதியை அவர் தட்டில் வைத்தேன். எதிரே இருந்தவன் பாதி வைத்தான். அப்புறம் ஆளுக்குப் பாதியாக அந்தப் பந்தியே எழுந்து வந்தது. முட்டையில்லாமல் எங்களைக் காயப்போட்ட அந்த மனுஷன் மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம்.