பாதிக் கூரைக்கு முழு மொட்டை

அன்புள்ள மச்சான் ஸ்ரீதருக்கு,

திருத்தணியிலிருந்து உன் பாவா பக்தவச்சலம் எழுதுவது. மலைமேல் இருக்கிறவர் தயவில் நானும் உன் அக்கா ஜெயம்மாவும் சௌக்கியம். கூரைதான் சௌக்கியமாக இல்லை. கம்பம் சாய்ந்து கரண்ட் போனதில் போனும் செத்துவிட்டது. அதனால் இதை உங்கள் ஊர் பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில் வருகிற வேணு கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று சாயங்காலம் அடித்த சுழல்காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். எங்கள் தகர ஷீட்டில் பாதி இரும்புக்கடைக்காரர் மாடியில் கிடக்கிறது. போய்க் கேட்டால், "காத்து குடுத்தது, நானா எடுத்தேன்" என்கிறார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உருண்டு வந்து என் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கிறது. சேதம் பார்க்க வந்த அதிகாரி மீதிப் பாதிக் கூரையின் நிழலில் நின்றுகொண்டு, "பாதிதானே போச்சு" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

அதெல்லாம் போகட்டும். காற்று அடிக்கும்போது உன் அக்கா கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு என்ன வேண்டினாள் தெரியுமா? "முருகா, கூரை நின்னா என் தம்பி முடிய உனக்குக் குடுக்கிறேன்." ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிச்சயதார்த்தம். நாற்பது வயதில், எத்தனையோ வீட்டில் வேண்டாம் என்ற பிறகு, "முடியாச்சும் நல்லா இருக்குது" என்று பெண் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் எங்கள் ஊர் மேட்டுத் தெரு வசந்தி வீட்டார்தான்.

"நேந்துகினது நீ, முடி அவன்துதா?" என்று கேட்டேன்.

"உங்க தலையில இன்னா இருக்குது குடுக்கிறதுக்கு? இருக்கிறவன்கிட்டதான வாங்கணும்."

"கூரை பாதிதான நின்னுது?"

"அதுக்காக பாதித் தலையா செரைப்பாங்க? நிச்சயத்துக்கு முன்னாடியே எறக்கிடணும். இல்லாட்டி மீதியும் பூடும்."

ஆகவே மச்சான், ஞாயிறு வரைக்கும் திருத்தணிப் பக்கம் வராதே. வந்தால் உன் அக்கா பஸ் ஸ்டாண்டிலிருந்தே மலைக்கு இழுத்துப்போவாள். அன்றைக்கு நேராகப் பெண் வீட்டுக்கு வா. தாம்பூலம் மாற்றினதும் நானே கூட்டிப்போய் இறக்கிவிடுகிறேன்.

உன் தறியும் தலைமுடியும் அதுவரை நன்றாக இருக்க ஆசீர்வதிக்கும்,
பாவா

பி.கு.: இதை மடிக்கும்போது வசந்தியே வந்து நிற்கிறாள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு. காற்றில் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு கூரைமேல் மாட்டிக்கொண்டாராம் அவள் அப்பா. அவர் உயிரோடு இறங்கணும் என்று நேர்ந்துகொண்டு, இன்று காலையே முடி இறக்கிவிட்டாள். "நிச்சயத்தத் தள்ளி வைக்கணும்னா வெச்சிக்கோங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைக்கிறாள். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. வேணு திரும்புகிற பஸ்ஸிலேயே ஏறி வா. உனக்கும் சேர்த்துச் சந்தனம் அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.