பெயர் சொல்ல விரும்பாதவர் படிவம்

மாணவர் பாதுகாப்பு, மரியாதை, மனநலம் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கும் பொறுப்பு, மேலிடத்துச் சுற்றறிக்கையின்படி, என் தலையில் விழுந்தது. நான் ஸ்ரீகண்டன். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மாணவர் புகார்ப் பெட்டிக் குழுவுக்கு கன்வீனர்.

பெட்டியை முதலில் வராந்தாவில் வைத்தோம். யாரோ மிட்டாய்க் காகிதம் போட்டார்கள். எனவே பெட்டியின் பாதுகாப்பை முன்னிட்டு அதைத் தலைமையாசிரியை ராகேல் டீச்சரின் மேஜைக்கு மாற்றினோம். குழந்தைகள் பயமில்லாமல் பெயர் போடாமலே எழுதலாம் என்று அறிவிப்பும் செய்தோம். பெயர் போடாதவர் யாரென்று நமக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டது நான்தான். அப்படிப் பிறந்ததுதான் 'பெயர் சொல்ல விரும்பாதவர் படிவம்'. பெயர், வகுப்பு, அப்பாவின் போன் நம்பர் எல்லாம் எழுதி, கன்வீனரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும். அப்புறம் பெயர் சொல்லவே வேண்டாம்.

மூன்று மாதமாக ஒரு புகார்கூட வரவில்லை. புகாரே இல்லாத பள்ளிக்கு 'மரியாதைப் பள்ளி' சான்றிதழ் உண்டு. ராகேல் டீச்சர் அதற்குச் சுவரில் ஆணியே அடித்துவிட்டார்.

கணக்குக் காட்ட வேண்டிய நாளில் பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு சீட்டு. தமிழில்.

"இது எந்தா சாரே எழுதியிருக்கு? உங்க பாஷையல்லே?" என்றார் ராகேல் டீச்சர்.

என் பாஷைதான். இதே ஊரில், கரமனையில், எங்கள் வீட்டுக்குள் பேசுவது. காலையில் நான் பஸ் ஏறும்போது அது இறங்கிக்கொள்ளும்.

'என்னைய எல்லாரும் பாண்டின்னு கூப்பிடுதாங்க. டிபன் பாக்ஸை மோந்து பாத்துச் சிரிக்காங்க. கணக்கு சாரும் சிரிச்சாங்க. ஸ்கூலுக்கு வரவே பயமா இருக்கு.'

ஏழாம் வகுப்பு திவ்யலட்சுமி. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. தமிழர்களை இங்கே கேலியாகப் பாண்டி என்பார்கள். அவள் குடும்பம் திருநெல்வேலியிலிருந்து வந்து நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் வந்து நாலு தலைமுறை. முந்தின வண்டியில் வந்ததால் நான் சார், பிந்தின வண்டியில் வந்ததால் அவள் பாண்டி. போன வாரம் அவள் போர்டில் கணக்கைச் சரியாகப் போட்டபோது, "பாண்டிக்குக் கணக்கெல்லாம் வருமோ!" என்று ஒருவன் சொல்ல, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் நான் யாரென்று அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுமே.

"வாசிங்க சாரே."

"'இந்தப் பள்ளி மிகவும் நல்ல பள்ளி. கணக்குப் பாடம் ரொம்பப் பிடிக்கும்'னு எழுதியிருக்கு டீச்சர்."

"படிவம் இல்லாம போட்டிருக்கே?" என்றார் குழு உறுப்பினரான டிரில் மாஸ்டர் ஜெயகுமார்.

"பாராட்டுக்குப் படிவம் தேவையில்லை" என்று கன்வீனர் தீர்ப்பளித்தார். அதாவது நான்.

சான்றிதழ் வந்தது. விழாவில் அந்தப் பாராட்டை எழுதிய குழந்தையே வாசிக்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. தமிழ் எழுதத் தெரிந்த குழந்தை பள்ளியில் ஒன்றுதான்.

"வேண்டாம் டீச்சர், பெயர் சொல்ல விரும்பாத குழந்தை..."

"நல்லது சொல்ல எந்துக்கு சாரே நாணம்?"

மேடையில் டீச்சர் முதலில் என் மலையாள மொழிபெயர்ப்பைப் பெருமையோடு வாசித்தார். பிறகு சீட்டையும் மைக்கையும் திவ்யலட்சுமியிடம் கொடுத்தார். அவள் சீட்டைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு அவள், டீச்சர் சொன்னதையே, நல்ல மலையாளத்தில், ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். முதலில் கை தட்டியது நான்.

இறங்கி வந்து சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு மட்டும் புரியட்டும்னுதான் சார் தமிழ்ல எழுதுனேன்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அன்று மதியமே, சிரித்ததையும் பொய்யாக வாசித்ததையும் சேர்த்து, என் மேல் நானே ஒரு புகார் எழுதினேன். பெயர் போடத் தைரியம் வரவில்லை. ஆகவே விதிப்படி படிவத்தையும் பூர்த்தி செய்து, கன்வீனரின் கையெழுத்துக்கு வைத்தேன்.

திவ்யலட்சுமி இப்போது டிபன் பாக்ஸ் கொண்டுவருவதில்லை. படிவம் கன்வீனரின் பரிசீலனையில் இருக்கிறது. பள்ளியின் நற்பெயரைக் கருத்தில் கொண்டு, உரிய காலத்தில் முடிவு தெரிவிக்கப்படும்.