சொந்தமாக ஒரு வார்த்தை

லாரி டிரைவர் மறுபடியும் சைகை சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"கையை விடுங்க," என்றார் சைகை சார். "நான் பேசணும்."

அவருக்கு வாய் பாதிச் சம்பாத்தியம், கை பாதிச் சம்பாத்தியம். அவர் வேலை பார்த்த ஆலோசனை மையத்தில் மனசு சரியில்லாத எல்லாருக்கும் இடமுண்டு. கணவன் மனைவி வருவார்கள். சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள் வருவார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வாசலில் சாய்தளம் இருந்தது. காது கேளாதவர்கள் வந்தால் சைகை சார் இருந்தார். அவர்கள் கையால் சொல்வதை வாயால் சொல்வார், மற்றவர்கள் வாயால் சொல்வதைக் கையால் சொல்வார்.

தொழிலில் ஒரே சட்டம்தான். டிரைவரின் மனைவி, காது கேளாத தையல்காரி, கோபம் என்று கையால் காட்டினால், 'அவங்களுக்குக் கோபமாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்குக் கோபம்' என்றே சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது.

சிக்கலே அதில்தான். மீசையும் வழுக்கையுமாக ஒரு மனிதர், "நீ என்னைத் தொட்டு ஆறு மாசம் ஆச்சு," என்று முகத்துக்கு நேரே சொன்னால் டிரைவர் யாரைப் பார்ப்பார்? சொன்னவரைத்தான் பார்த்தார். "தப்புதான் சார், மன்னிச்சிடுங்க," என்று தேம்பினார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

ஆலோசகர் அம்மா, சைகை சாரைத் தையல்காரிக்குப் பின்னால் உட்கார வைத்தார். அங்கிருந்து அவள் கை தெரியவில்லை. சைகை சார் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஒரே உடம்பில் இரண்டு தலையைக் கண்ட டிரைவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து புரையேறிவிட்டது.

குரல் மட்டும் கேட்டால் சரியாகிவிடும் என்று ஆலோசகர் அம்மா முடிவு செய்தார். ஞாயிறு காலையில் தையல்காரி தன் வீட்டிலிருந்து வீடியோவில் கை காட்டுவாள். சைகை சார் தன் வீட்டில் உட்கார்ந்து பேசுவார். டிரைவர் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் காதில் கேட்பார்.

சைகை சாரின் வீட்டில் ஒரு மனைவியும் உண்டு. கணக்கு டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருடம். காஸ் தீர்ந்துபோச்சு, சாவி எங்கே, இந்த இரண்டுக்குள் அவர்கள் பேச்சு முடிந்துவிடும். நாளெல்லாம் ஊருக்காக 'நான், நான்' என்று சொல்லிவிட்டு வருகிற மனுஷனுக்கு வீட்டில் அந்த வார்த்தை வாயில் வராது. ஆசை இல்லாமல் இல்லை. டீச்சர் தலை துவட்டும்போது பின்னால் போய் நிற்பார். அவள் திரும்பிப் பார்த்தால், "துண்டு காஞ்சிடுச்சா?" என்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தையல்காரியின் வீடியோ விட்டு விட்டு வந்தது. வந்தால் என்ன? இருபது வருட அனுபவம், கை அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"பக்கத்துலதான் படுத்திருக்க. ஆனாலும் எனக்கு உன்னைத் தேடுது. கை நீட்டினா தொட்டுடலாம். நீட்டத்தான் பயமா இருக்கு. நீ முதல்ல நீட்டுவியான்னு காத்திருந்து காத்திருந்து தூங்கிப்போயிடறேன்."

மறுமுனையில் டிரைவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. திரும்பினால் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

"யாருங்க அது?"

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ்ல இதுதான் வேலையா?"

ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். சொன்னால் விளக்க வேண்டும், விளக்கினால் அடுத்தவர் குடும்ப ரகசியம் வெளியே போய்விடும். அதனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நழுவிக் குளிக்கப் போனார். குற்றவாளிகள் செய்கிற வேலை அது.

அடுத்த ஞாயிறு வம்பே வேண்டாம் என்று மொட்டைமாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். இறங்கி வந்தபோது டீச்சர் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறாளாம்.

"இப்படியெல்லாம் பேச வார்த்தை உங்ககிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது," என்றாள். அதில் கோபத்தைவிட ஏக்கம்தான் அதிகமாக இருந்தது. "எனக்குன்னு வெச்சிருக்கக் கூடாதா?"

அவள் இல்லாத வீட்டில் சாவி எங்கே என்று கேட்கக்கூட ஆளிருக்காது. மையத்துக்கு ஒரு தடவை வா, அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போ என்று கெஞ்சினார். டீச்சர் பெட்டியோடு வந்தாள்.

ஆலோசகர் அம்மா யார் பெயரையும் எடுக்காமல் பொறுமையாகச் சொன்னார். கை காட்டுகிறவர் சொல்வதை அப்படியே 'நான்' என்று சொல்வதுதான் உங்கள் வீட்டுக்காரர் தொழில் என்றார். அவர் சொல்கிற 'நான்' அவரில்லை, 'நீ' நீங்களில்லை, அதில் ஒரு வார்த்தைகூட அவருடையது கிடையாது, நிம்மதியாகப் போங்கள் என்றார்.

சைகை சார் பெருமூச்சு விட்டார். வழக்கு முடிந்தது என்று நினைத்தார். டீச்சரின் முகம்தான் ஏனோ மலரவில்லை. பெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு வார்த்தைகூடவா?" என்றாள் மெல்ல.

"ஒண்ணுகூட இல்லம்மா," என்றார் ஆலோசகர் அம்மா உறுதியாக.

டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சைகை சாருக்கு எல்லாம் புரிந்தது. கை பாதி தூரம் நீண்டு அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் கதவைத் தட்டிவிட்டு டிரைவர் உள்ளே வந்தார். பின்னால் வெட்கத்தோடு தையல்காரி. 'நீட்டத்தான் பயமா இருக்கு' என்று முதல் ஞாயிறு கேட்ட பேச்சு தன்னை உலுக்கிவிட்டது என்றும், வழியெல்லாம் லாரியை நிறுத்தி நிறுத்திச் சைகை கற்றுக்கொண்டதாகவும், இனி மனைவியோடு நேராகவே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். அன்னிக்கு இவ, படுக்கையறை பல்பு எரியலைன்னு காட்டினதோட போன் சார்ஜ் தீர்ந்து அணைஞ்சுபோச்சாம். மிச்சத்தை எல்லாம் சொன்னது யாரு சார்?"