கடலைக் குழம்பு மெலிந்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, எங்கள் கிடங்கில் கடலைக் குழம்பின் கொழுப்பைக் குறைத்தது. இந்த மூன்றாவது சாதனையில் எனக்கும் பங்குண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான் கிடங்கின் மேற்பார்வையாளன். அதைவிட முக்கியமாக, 'நல்வாழ்வுக் குழு'வின் செயலாளன்.

எல்லாப் பெரிய மாற்றங்களையும் போல இதுவும் ஒரு பெரிய மனிதரின் வயிற்றில்தான் தொடங்கியது. எங்கள் மேனேஜரைப் பரிசோதித்த டாக்டர், "வயிறு முன்னாடி போகுது, நீங்க பின்னாடி வர்றீங்க. எண்ணெய், கடலை எல்லாத்தையும் குறைங்க" என்று சொல்லிவிட்டார். வேறொருவராக இருந்தால் தானுண்டு தன் வயிறுண்டு என்று வீட்டிலேயே குறைத்துக்கொண்டிருப்பார். எங்கள் மேனேஜர் அப்படிப்பட்ட சுயநலக்காரர் அல்ல. மறுநாள் காலையிலேயே கூட்டம் போட்டார்.

"எனக்குக் கெடுதல்னா எல்லாருக்கும் கெடுதல்தானே?"

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் கிடங்கு முழுக்கக் கடலை மூட்டைகள். அவற்றை லாரியில் ஏற்றுகிற லோடுமேன்களுக்கு மதியச் சாப்பாடு நிர்வாகம் போடுகிறது. சோறும் கடலைக் குழம்பும். வறுத்த கடலையை அரைத்து, வெங்காயம் தக்காளி வதக்கி, எண்ணெய் மேலே மிதக்க மிதக்கக் கொதிக்கவிட்ட குழம்பு. காலையில் வெறும் டீயோடு வருகிறவர்கள் அதை ஒரு கட்டு கட்டிவிட்டு, பொழுது சாயும்வரை மூட்டை தூக்குவார்கள். இப்படி ஒரு பயங்கரம் எங்கள் மூக்குக்குக் கீழேயே நடந்து வந்திருக்கிறது!

சமையல்காரம்மாவைக் குழுவின் முன் அழைத்தோம்.

"கடலையைப் பாதியாக் குறைச்சா என்ன?" என்று அக்கவுண்டன்ட் தொடங்கினார்.

"பாதியா? அதெல்லாம் கோழைத்தனம்யா. பேருக்கு இருந்தாப் போதும்" என்றார் மேனேஜர்.

"அப்புறம் குழம்பு எப்படி சார் கெட்டியா வரும்?"

"ஏம்மா கெட்டியா வரணும்? தண்ணி ஊத்துங்க. தண்ணியில கொழுப்பே கிடையாது, தெரியுமா?"

இந்த அரிய உண்மையை நான் உடனே குறித்துக்கொண்டேன்.

"எண்ணெய் சார்?"

"சட்டிக்குக் காட்டுங்க. ஊத்தாதீங்க."

"அப்போ எதுக்கு அதுக்குக் கடலைக் குழம்புன்னு பேரு?"

"பாரம்பரியம்மா! அதுல போய்க் கை வைக்க முடியுமா?"

புதுக் குழம்பு பரிமாறப்பட்ட அன்று நானே பந்தியை மேற்பார்வையிட்டேன். லோடுமேன்களில் முதல்வன், 'கிரேன்' என்று எல்லோரும் கூப்பிடும் இளைஞன், சமையல்காரம்மாவின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு பேர் தூக்கும் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவான். அவன் தட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான்.

"சார், தண்ணி குழாயிலயே வருதே?"

"அது வெறும் தண்ணிப்பா. இது ஆரோக்கியம்."

ஆரோக்கியத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவன் மூட்டைக்குப் போனான்.

முன்னேற்றத்தை அளக்க வேண்டாமா? மூட்டை நிறுக்கும் மெஷினிலேயே எல்லோரையும் மாதந்தோறும் ஏற்றி நிறுத்தோம். குழு தினமும் மாலையில் கூடியது. பிறர் நல்வாழ்வைப் பற்றிச் சிந்திப்பது எளிதல்ல, அகோரமாகப் பசிக்கும். அதனால் முந்திரி வறுவல், கிரீம் பிஸ்கட், பால் தூக்கலாக டீ. மேனேஜர் மேலும் பூரித்தார். அக்கவுண்டன்டும் நானும் மேலதிகாரியைப் பின்பற்றினோம். லோடுமேன்களோ கடமை தவறாமல் இளைத்தார்கள். கிரேனுக்குத் தோள் எலும்பு சட்டைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. அக்கவுண்டன்ட் எல்லோரையும் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டுத் துள்ளினார்.

"சராசரி நல்லாக் குறைஞ்சிருக்கு சார்!"

மேனேஜர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்போ நான் இளைச்சுட்டேன்னு சொல்லுங்க."

அக்கவுண்டன்டின் மூளை அதோடு ஓயவில்லை. கிடங்கு வாசலிலிருந்து லாரிக்கு ஒரு பலகை போட்டிருக்கும். ஆளும் மூட்டையும் சேர்ந்து குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் பலகை தாங்காது. அதற்கேற்பத்தான் மூட்டை கட்டுவது வழக்கம்.

"ஆளு இளைச்சிட்டான். அப்போ பலகைக்குத் தாங்குற சக்தி மிச்சம் இருக்கு சார். அது வீணாத்தானே போகுது?"

விரயம் என்றால் எங்கள் மேனேஜருக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கே மூட்டைகளில் கூடுதலாகக் கடலையை அள்ளிப் போட்டுத் தைத்தோம்.

இத்தனை பெரிய முயற்சிக்கு நடுவே ஒரு சதியும் நடந்தது. அதைக் கண்டுபிடித்தவன் நான்தான். கிரேனின் தட்டில் சோற்றுக்கு அடியில் ஒரு பிடி வறுத்த கடலை!

"என்னம்மா இது?"

சமையல்காரம்மா கையைப் பிசைந்தாள். "படுத்தா அவனுக்குக் காலு தானா நடுங்குது சார். பார்க்கவே பயமா இருக்கு. இது என் வீட்டுல இருந்து கொண்டாந்தது. ஒரு பிடிதான் சார்."

"உங்க வீட்டுக் கடலையில மட்டும் கொழுப்பு இருக்காதா?"

"விடுக்கா" என்று கிரேன் கடலையை என் பக்கம் தள்ளினான். முறைப்படி பறிமுதல் செய்து மாலைக் கூட்டத்தில் வைத்தேன். குழு அதை டீயோடு சேர்த்து ஆராய்ந்தது. கொஞ்சம் உப்பு குறைவு என்பது மேனேஜரின் கருத்து.

மறுநாள் எங்கள் சாதனையைக் காணத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் வாசலில் நின்றோம். கிரேன் மூட்டையோடு பலகையில் ஏறினான். நடுவில் வந்ததும் நின்றான். முழங்கால் மடங்கியது. ஆள் கீழே, மூட்டை அவன் கால் மேல்.

"பார்த்தீங்களா சார், பலகைக்கு ஒரு கீறல் கூட இல்லை!" என்றார் மேனேஜர் அதிகாரியிடம்.

சமையல்காரம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். தம்பியின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கட்டையில போறவங்களா! சோத்துல கை வச்சீங்க, பொறுத்துக்கிட்டான். மூட்டையில ஏன்யா ஏத்துனீங்க? இந்தக் காலு போச்சுன்னா இவன் எதை வச்சுப் பொழைப்பான்?"

கால் போய்விட்டது. இனி பாரம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

உணர்ச்சிவசப்பட்டவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லட்டும். குழு கூடி நிதானமாக விசாரித்தது. கிரேனின் எடையையும் அந்த மூட்டையின் எடையையும் கூட்டிப் பார்த்தோம். குழம்பு கெட்டியாக இருந்த காலத்துக் கூட்டுத்தொகைக்கு ஒரு குன்றிமணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே நாங்கள் எதையும் அபகரித்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் உடம்பிலிருந்து எடுத்ததையெல்லாம் பத்திரமாக அவன் முதுகிலேயே ஏற்றி வைத்திருந்தோம்.