ஏழாவது தட்டில் ஒரு புரோப்

பழைய கருவிகளை விற்பவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். "நல்ல கண்டிஷன்" என்று எப்போது சொல்வது, சொல்லிவிட்டு எவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்வது. இரண்டிலும் நான் மன்னன்.

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, தொழிற்சாலைகள் கழித்துப்போடும் மீட்டர், ஆசிலோஸ்கோப் வகையறாக்களை விற்பதுதான் என் பிழைப்பு. மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் பெட்டிக்குப் பெயர் ஆசிலோஸ்கோப். அதன் பெருமைகளைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவேன். திறந்து பார்த்தது மட்டும் கிடையாது. (டாக்டராக நடிப்பவர்கள் யாரும் உண்மையிலேயே வயிற்றைக் கிழிப்பதில்லை. எனக்கு அந்த அடக்கம் போதவில்லை.)

யமுனா வேறு ரகம். கருவிகள் உண்மை பேசுகின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டும் கூடத்தில் அவளுக்கு வேலை. நான் விற்ற ஒரு மீட்டர் அவள் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. "இத வித்தவருக்கு மனசாட்சி இருக்கா?" என்று கேட்கத்தான் முதல் முறை போன் செய்தாள். எங்கள் காதல் அப்படி மங்களகரமாகத் தொடங்கியது.

கல்யாணம் பேசி முடிக்க மார்சிலிங்கில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போக நாள் குறித்தோம். யமுனா முன்னெச்சரிக்கையாகச் சொன்னாள்.

"அப்பா உன் சம்பளத்த எல்லாம் கேக்க மாட்டாரு. அவரோட ஸ்கோப்ப காட்டுவாரு. அழகா இருக்குன்னு சொல்லு, டீ குடி, கெளம்பு. வேற எதுவும் பண்ணாத."

அவள் அப்பா கப்பல் பட்டறையில் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். பட்டறை வேண்டாமென்று ஒதுக்கிய அந்த ஆசிலோஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளை மாதிரி வளர்த்து வந்தார். அண்மையில் அதன் புரோப், அதாவது அளக்க வேண்டிய இடத்தில் கொக்கி போட்டு மாட்டும் கம்பி, அறுந்துவிட்டதாம். மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

அன்று காலை தேக்கா சந்தையில் பூ, பழம், வெற்றிலை எல்லாம் வாங்கி அம்மா தட்டுகளை அடுக்கினாள். எண்ணிப் பார்த்தால் ஆறு.

"ரெட்டப் படையில போகக்கூடாதுடா. இன்னொன்னு வேணும்."

நான் புத்திசாலி அல்லவா? அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்திருந்த புத்தம் புதிய புரோப்பை, பாக்கெட்டைப் பிரித்து, ஏழாவது தட்டில் வட்டமாகச் சுருட்டி வைத்து நடுவில் ஒரு ரோஜாவையும் செருகினேன். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாம்பு மாதிரி இருக்கு" என்றாள்.

அந்தத் தட்டு மார்சிலிங்கில் பெரும் வெற்றி. யமுனாவின் அப்பா மற்ற ஆறு தட்டுகளையும் பார்க்கவேயில்லை. புரோப்பை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "தம்பிக்கு வெவரம் தெரியுது" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். (வாழ்க்கையில் கடைசியாக அடக்கமாக இருந்தது அப்போதுதான்.)

ஆனால் பேச்சைத் தொடங்க முடியவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வரவேண்டிய யமுனாவின் பெரியப்பா வரவில்லை. எல்லைப் பாலத்தில் நெரிசல். அவர் இல்லாமல் அந்த வீட்டில் தேங்காய்கூட உடைக்க மாட்டார்கள்.

"அண்ணன் பாலத்தத் தாண்டி உட்லண்ட்ஸ் வந்துட்டாராம். கூட்டிட்டு வந்துடறேன்" என்று யமுனாவின் அப்பா செருப்பை மாட்டினார். போகிற போக்கில் ஸ்கோப்பின் சுவிட்சைத் தட்டினார். "பழைய சாமான் தம்பி, சூடாகட்டும். நான் வந்ததும் மாட்டிப் பாப்போம்."

"நான் வந்ததும்" என்றுதான் சொன்னார். இரண்டே சொல். எனக்குக் கேட்டது.

யமுனாவின் அம்மா அடுப்படியில். யமுனா உள்ளறையில் நகப்பூச்சு காயக் காத்திருந்தாள். கூடத்தில் நான், அம்மா, ஸ்கோப். வாடிக்கையாளர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் பரிசோதனையை நானே நடத்தினேன். குமிழ்களைத் திருகினேன், கரகரப்பு இல்லை. திரையில் கருகிய தழும்பு இல்லை. கோடு ஊசி மாதிரி மெல்லிசு. பலே!

அத்தோடு டீயைக் குடித்திருக்கலாம். புரோப்பை மாட்டினேன்.

இந்தப் பெட்டிகளின் முகப்பில் சோதனைக்கென்றே ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதில் புரோப்பை மாட்டினால் கோட்டைச் சுவர் மாதிரி முனை கூர்மையான சதுர அலை தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்ததோ முனையெல்லாம் மழுங்கிய, ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரியான அலை.

என் பரிசை மாட்டியதும் மாமனாரின் செல்லப் பெட்டி சீக்காளி என்று தெரியவந்தால் சகுனம் என்ன ஆகும்? "உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன" என்று தீர்ப்பளித்தேன். (கெப்பாசிட்டரைப் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் அந்த வாக்கியத்துக்கு வாடிக்கையாளர்கள் எப்போதும் தலையாட்டுவார்கள்.) அவர் வருவதற்குள் சரிசெய்துவிட முடிவு செய்து மேல்மூடியைக் கழற்றினேன்.

"டேய், சும்மா உக்காருடா" என்றாள் அம்மா.

"உங்களுக்குத் தெரியாதும்மா. இது என் பீல்டு."

உள்ளே சின்னச் சின்னத் திருகுகள் வரிசையாக இருந்தன. தொழிற்சாலையில் ஒருமுறை அளவு பார்த்துத் திருப்பி வைத்தால் விவரமானவர்கள் பிறகு தொடமாட்டார்கள். நான் புரோப் பாக்கெட்டில் கிடந்த குட்டிப் பிளாஸ்டிக் திருப்புளியை எடுத்து முதலாவதைத் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது. அலை குள்ளமானது. மூன்றாவது. சாய்ந்தது. எது எங்கே இருந்தது என்பது மறந்துபோனதால், சமத்துவமாக எல்லாவற்றையும் திருப்பினேன். கடைசித் திருகில் கோடு மேலே ஏறி, திரையை விட்டு வெளியே போய், திரும்பவேயில்லை.

சரியாக அப்போது கதவு திறந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பின்னால் பெரியப்பா, கையில் பலாப்பழப் பையோடு.

"தம்பி... என்னா பண்றீங்க?"

வாய் திறந்தேன். என் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக "நல்ல கண்டிஷன்" என்ற சொல் வரவில்லை.

நகங்களை ஊதிக்கொண்டே வெளியே வந்த யமுனா, திறந்த பெட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். பெரியவர்கள் முன்னால் 'நீங்க' போடுவதாக இருந்த ஒப்பந்தம் அங்கேயே முறிந்தது.

"புரோப்புல இருக்கற ஸ்க்ரூவ திருப்பினியா?"

"புரோப்புல ஸ்க்ரூவா?"

"புது புரோப்புன்னா முதல்ல அதத் திருப்பி ஸ்கோப்போட சேத்து வைக்கணும். இல்லன்னா அலை மழுங்கித்தான் தெரியும். உன் கையில இருக்கறது எங்கேருந்து வந்துச்சு?"

"புரோப் பாக்கெட்லேருந்து."

"எதுக்கு அத உள்ள போட்டுக் குடுத்தாங்கன்னு நெனச்ச? பல்லு குத்தவா?"

ஆக, பெட்டியில் ஒரு குறையும் இல்லை. குறை என் பரிசில். அதுவும் ஒரே ஒரு திருப்பலில் தீரக்கூடியது. அந்த ஒரு திருகுக்காகக் கொடுத்த ஆயுதத்தால், அதைத் தவிர உலகத்தில் இருந்த எல்லாத் திருகையும் திருப்பியிருந்தேன்.

பெரியப்பா பலாப்பழத்தை இறக்கி வைத்தார். "பேச ஆரம்பிக்கல, அதுக்குள்ள வீட்ல வெளிச்சம் போச்சேப்பா. சகுனம் சரியில்ல லா."

யமுனாவின் அப்பா காலியான திரையைத் தடவிக் கொடுத்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்: "கோடு திரும்ப வரட்டும் தம்பி. அப்பறம் தேதி பேசலாம்."

அம்மா எழுந்தாள். "தட்டுங்க இங்கேயே இருக்கட்டும்" என்றவள் என்னைப் பார்த்து, "இவனையும் வச்சுக்குங்க" என்றாள்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் மார்சிலிங். நண்பர்களெல்லாம் காதலியோடு சினிமாவுக்குப் போனார்கள். நான் காதலியோடு தரையில் குப்புறப் படுத்து, அவள் "இன்னும் கொஞ்சம்... போதும்... போதும்னு சொன்னேன்ல!" என்று அதட்ட, திருகுகளைத் திருப்பினேன். அவள் அப்பா பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார். ஒரு திருகைச் சரிசெய்தால் முன்னால் செய்தது கெடும். அடுத்த ஞாயிறு முதலிலிருந்து.

ஒருவழியாக ஒரு நாள் திரையின் கீழ்விளிம்பில் பச்சை எட்டிப் பார்த்தது. கோடு ஏறி நடுவில் வந்து நின்றது. புரோப்பை மாட்டி, அதன் திருகை (அதன் திருகைத்தான்) திருப்பினேன். சதுரம். கோட்டைச் சுவர்.

அவர் கடலைத் தோலைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தார். "அண்ணே, கோடு வந்துருச்சு. பஸ் ஏறுங்க."

யமுனா அதற்குள் தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து, உள்ளேயிருந்த ஒவ்வொரு திருகின் மேலும் ஒரு பொட்டு வைத்தாள். இனி திருப்பினால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அவள் வேலை செய்யும் இடத்தில் அதுதான் வழக்கமாம்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் வாஷிங் மெஷின், ஏர்கான் ரிமோட், ரைஸ் குக்கர் எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு உண்டு. மார்சிலிங்கில் தங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிப்ட் நின்றால்கூட மாமியார் போன் செய்து, "மாப்பிள்ள வீட்லதான் இருக்காரா?" என்று விசாரிப்பார்.

மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, கண்படாமலிருக்க அம்மா அவள் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தாள். நான் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். "ஒரு நிமிஷம்" என்று தடுத்தார் மாமனார். சட்டைப் பையிலிருந்து யமுனாவின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து, பிள்ளையின் கால் சுண்டுவிரல் நகத்தில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்து, காயும்வரை ஊதினார்.

"இப்ப தூக்கிக்குங்க."