எதிர்வீட்டு நாற்காலிக்கு வானநீலம்

"எதுன்னு சீக்கிரம் சொல்லுங்கம்மா. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

மேஜை மேல் மூன்று ஸ்பிரே துப்பாக்கிகள் இருந்தன. முதலாவதற்கு இடுப்பு உயரத்தில் காற்று இயந்திரம் ஒன்று தனியாக வாங்க வேண்டும். மூன்றாவது, செடிக்கு மருந்தடிக்கும் பாட்டிலுக்குத் தம்பி போல இருந்தது. நடுவில் இருந்தது மின்சாரத்தில் ஓடுவது. கீழே பெயிண்ட் ஊற்ற ஒரு டப்பா, பின்னால் நீளமாக ஒரு ஒயர். விலையும் கைக்கு அடக்கம்.

"என்ன அடிக்கப் போறீங்க?"

"ஒரே ஒரு நாற்காலி."

"அதுக்கு பிரஷ் போதுமே."

"இரும்புக் கம்பி நாற்காலிங்க. வலை மாதிரி பின்னியிருக்கும். பிரஷ்ஷை எடுத்தா ஒவ்வொரு ஓட்டையா நுழைச்சு, அடுத்த வருஷம்தான் முடிப்பேன்."

"அப்போ நடுவுல இருக்கிறதையே எடுத்துக்குங்க. பெயிண்டை நல்லா இளக்கணும். கை ஒரே இடத்துல நிக்கக் கூடாது. சுத்தி இருக்கிறதை எல்லாம்..."

அதற்குள் அவள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் தெருவில் அவளுக்குக் கண்ணாடியக்கா என்று பெயர். மூன்று மாதத்துக்கு முன் கடும் காய்ச்சலில் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். பக்கத்து ஸ்டூலில் எதிர்வீட்டு டிரைவர் ஐயா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். யாரோடும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர். அவர் கன்னத்தில் கை வைத்தபடி, கண்ணில் நீர் ததும்ப உட்கார்ந்திருந்தார். இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

அன்று முதல் அவளுக்கு நன்றி சொல்லி மாளவில்லை. பழக்கூடை கொடுத்தாள், திரும்பி வந்தது. சட்டை எடுத்துக் கொடுத்தாள், அதுவும் வந்தது.

"நான் ஒண்ணும் பண்ணலைம்மா. நான் வந்து..." என்று ஆரம்பிப்பார் அவர்.

"அய்யோ, இந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்!" என்று கும்பிடுவாள் இவள்.

திருப்பித் தர முடியாத எதையாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தாள். அவர் வாசலில் துருப்பிடித்துக் கிடந்த நாற்காலி கண்ணில் பட்டது. அவர் இரண்டு நாள் தங்க மகள் வீட்டுக்குப் போனதும் காரியத்தில் இறங்கினாள்.

கெட்டியான பெயிண்டை அப்படியே ஊற்றி விசையை அழுத்தினாள். துப்பாக்கி இருமியது. தக்காளி விதை மாதிரி நாலு உருண்டைகளைத் துப்பிவிட்டு அடைத்துக்கொண்டது.

"இளக்கணும்னு கடைக்காரர் சொன்னாரா?" என்றார் கணவர், திண்டாட்டத்தை ரசித்தபடி.

"சொன்னார், சொன்னார்" என்று தின்னரைத் தாராளமாகக் கவிழ்த்தாள். இப்போது பெயிண்ட் தண்ணீராகப் பாய்ந்தது. நாற்காலியின் நாலு காலிலும் நீலக் கண்ணீர் வழிந்தது. அது வழிவதற்குள் காயட்டும் என்று தூரத்தில் நின்று அடித்தாள். காற்று வீசியது. நீலப் புகை ஒன்று எழுந்து, நிதானமாக நகர்ந்து, டிரைவர் ஐயாவின் தேக்குக் கதவில் போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து தண்ணீர் கேன்காரர் மூன்று சக்கர வண்டியை நிறுத்தினார். தெரு முழுவதற்கும் கேன் போடுபவர் அவர்தான்.

"அக்கா, கதவுக்கு ஒரு பழைய போர்வையைக் கட்டிட்டு அடிக்கலாமே."

"உங்களுக்கு என்னங்க தெரியும்? கேனை வெச்சுட்டுப் போங்க!"

அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

துணியில் தின்னரை நனைத்துக் கதவைத் துடைத்தாள். நீலம் போனது. கூடவே வார்னிஷும் போனது. கதவின் நடுவில் வெளுப்பாக ஒரு தேமல்.

"இப்போ என்னங்க பண்றது?"

"ஊரைவிட்டு ஓடிடலாம். நான் பெட்டி கட்டட்டுமா?"

அவள் அழுதேவிட்டாள். அதைப் பார்த்ததும் கணவரின் கேலி நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "அழாதே. கதவு முழுக்க அடிச்சுடுவோம். வேணும்னே அடிச்ச மாதிரி இருக்கும்."

கதவு முழுவதும் வானநீலம் ஆனது. பக்கத்துச் சுவரில் இருந்த தபால் பெட்டியின் பாதியும் ஆனது. மீதிப் பாதியை விட்டுவைக்க முடியுமா? அதையும் அடித்தார்கள். அந்தச் சிதறல் செருப்பு ஸ்டாண்டில் விழுந்தது. ஸ்டாண்டை அடித்தபோது அதிலிருந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் தப்பவில்லை. இரண்டு பூந்தொட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், கதவு எண் எழுதிய பலகை என்று நீலம் நடந்துகொண்டே போனது. மறுநாள் சாயங்காலம், அந்த வாசலில் வானத்துக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கையில் பையோடு டிரைவர் ஐயா வந்தார். தன் வீட்டைத் தாண்டி நாலு அடி போனார். நின்றார். திரும்பி வந்தார்.

எதிரே தன் வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்த தண்ணீர்க்காரரைத் தள்ளாத குறையாகத் தாண்டி ஓடி வந்தாள் கண்ணாடியக்கா. "ஐயா, மன்னிச்சுடுங்க. நாற்காலி மட்டும்தான் அடிக்கலாம்னு ஆரம்பிச்சேன். வார்னிஷ் எல்லாம் போயிடுச்சு. புதுக் கதவே போட்டுத் தர்றோம்."

அவர் பையைக் கீழே வைத்தார். நாற்காலியைத் தடவிப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்து, நீலக் கதவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் வாசலுக்கு நல்ல கலர் அடிங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். "நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன். நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நீங்க என் உயிரைக் காப்பாத்துனதுக்கு முன்னாடி இதெல்லாம் எந்த மூலைக்கு, ஐயா?"

"அதான் சொல்றேனேம்மா, நான் ஒண்ணும் பண்ணலை."

"பாத்தீங்களா, இப்பவும் ஒத்துக்க மாட்டேங்கிறார்!" என்று எல்லோரையும் சாட்சிக்கு அழைத்தாள்.

காலிக் கேன்களை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்த தண்ணீர்க்காரர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா சொல்றது நிஜம்தான்க்கா. அவர் அன்னைக்குப் பல்லு பிடுங்க வந்தவரு, உக்கார இடமில்லாம உங்க கட்டிலாண்ட வந்து உக்காந்தாரு. உங்களைத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனது என்னோட இந்த வண்டியிலதான். அந்தப் பெயிண்ட் ஏதாச்சும் மிச்சம் இருக்குங்களா?"